மெதுவான கை

"இந்தப் பொத்தானை எல்லாம் நீயே போட்டு விட்டுடு, பேட்ரிசியா. நேரமாச்சு."

சவரிராயன் சட்டையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பேட்ரிசியா அடுப்பை விட்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். வேலைக்கு ஒன்றாகப் போக வந்த செல்லக்கிளி வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"ஏண்ணே, தலை நரைச்ச வயசுல பொண்டாட்டி பொத்தான் போட்டு விடணுமாக்கும்?"

"ஒன் வீட்டுக்காரனுக்குச் சட்டையே கிடையாது. அந்த வயித்தெரிச்சல் ஒனக்கு," என்றார் அவர்.

மூவரும் உறையூர்ச் சுருட்டுக் கம்பெனிக்கு நடந்தார்கள். யுத்தம் முடிந்த வருஷம் அது. சவரிராயன் அங்கே சுருட்டுச் சுற்றுவார். பெண்கள் இருவரும் புகையிலையின் நரம்பை உரித்தெடுப்பார்கள். அதுவரை கூலி, சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடிதான். யாராக இருந்தாலும் நாள்கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்று சங்கம் ஒரு கூலியைக் கேட்டிருந்தது. முதலாளி மீராசா ராவுத்தர் அன்று பதில் சொல்வதாக ஏற்பாடு.

"கூலி ஏறப்போகுதுன்னு காதுல விழுந்ததுமே இட்லிக் கடை ராக்கம்மா இட்லியைச் சின்னதாக்கிட்டா," என்று செல்லக்கிளி வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள்.

ராவுத்தர் நிதானமாகத்தான் பேசினார்.

"கேட்ட கூலியைத் தரேன். யாருக்கும் அதுக்குக் கீழ இல்ல. ஆனா சாயங்காலம் ஒவ்வொருத்தர் சுருட்டுத் தட்டும் நிறைஞ்சிருக்கணும். நிறையாதவங்களையும் வச்சுக்கிட்டு இந்தக் கூலி கொடுத்தா, நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்."

எல்லோர் கண்களும் மதுரைவீரன் பக்கம் திரும்பின. துறையூரிலிருந்து பிழைக்க வந்தவன். அவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்து, தன் பலகையிலேயே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவர் சவரிராயன். சவரிராயன் தட்டு தினமும் நிறையும். மதுரைவீரன் தட்டு பாதியைத் தாண்டாது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் சவரிராயன் தன்னுடையதிலிருந்து ஒரு பங்கை எடுத்து அவன் கையில் வைப்பார். "ஊருக்கெல்லாம் நீங்கதான் புண்ணியவானா?" என்று பேட்ரிசியா முணுமுணுப்பாள்.

சவரிராயன் எழுந்தார். "கை மெதுவானவன் பழைய கூலிக்கே இருந்துட்டுப் போகட்டும் முதலாளி. வெளியே மட்டும் தள்ளாதீங்க."

"எனக்குச் சம்மதம்தான்," என்றார் ராவுத்தர்.

மறுத்தவர் சேஷு. சங்கத்துக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்.

"அது ஆகாது, சவரிராயன். ஒருத்தரைப் பழைய கூலிக்கு விட்டா, நாளைக்கு எல்லாரையும் மெதுவான கைன்னு சொல்லி அங்கேயே இறக்கிடுவார். இதுக்குக் கீழே இல்லைன்னு ஒரு கோடு போட்டா, அது எல்லாருக்கும்தான்."

"நீங்க சொல்றது நியாயம் சாமி. அந்த நியாயத்துல ஒருத்தன் சோறு போகுதே."

"மத்தவா அத்தனை பேருக்கும் சோறு ஏறறதே."

சவரிராயன் உட்கார்ந்துவிட்டார். மதுரைவீரன் தலை நிமிரவே இல்லை.

"ஒன் வீட்டுக்காரரு கோயில் சாமியாராப் போயிருக்க வேண்டியவரு," என்று செல்லக்கிளி பேட்ரிசியாவின் காதில் சொன்னாள். "தப்பி வந்து ஒன்கிட்ட மாட்டிக்கிட்டாரு."

வீடு திரும்பும்போது பேட்ரிசியா கேட்டேவிட்டாள். "அந்த வீரனுக்காகச் சங்கத்தையே பகைச்சுக்கணுமா?"

"அவன் நல்லவன், புள்ள. ஒனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடியும்வரை ராவுத்தர் கம்பெனியைத் திறக்கவில்லை. திறந்த அன்றே பேட்ரிசியா வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லை. புதுக் கூலியும் அன்றுதான் தொடக்கம். சுற்றுகிறவர்கள் பேச்சில்லாமல் சுற்றினார்கள். சவரிராயன் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது; அங்கே யாரும் உட்காரவில்லை. நாள் முழுதும் அந்தப் பலகையில் மதுரைவீரன் ஒருவன்தான் குனிந்தபடி இருந்தான்.

சாயங்காலம் ராவுத்தர் தட்டுகளைப் பார்க்கக் கிளம்பினார். பேட்ரிசியா குறுக்கே போய் நின்றாள்.

"முதலாளி, அவர் இங்க கடைசியாப் பேசினதே மதுரைவீரனுக்காகத்தான். அவர் போன கையோட அவனையும் அனுப்பிட்டீங்கன்னா எனக்கு மனசு ஆறாது."

"எனக்கு மட்டும் ஆறுமாம்மா? இவன் ஒருத்தனுக்கு விட்டா, நாளைக்கு எல்லாரும் பாதித் தட்டோட வந்து நிப்பாங்க. முழுக் கூலிக்கு நான் எங்க போவேன்? சவரிராயன் இருந்தவரைக்கும் அவர் வேகத்துல இவன் மெதுவு தெரியாம ஓடிச்சு."

"நான் அவன்கிட்டச் சொல்றேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்க."

அவர் மதுரைவீரன் பலகையை நோக்கி நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

இருவரையும் கண்டதும் மதுரைவீரன் எழுந்தான். அவர்கள் பார்வை போன இடத்தை அவனும் அப்போதுதான் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"கைப் பழக்கம், அக்கா," என்றான் மெல்ல. "தெரியாம வச்சுட்டேன்."

அவன் தட்டு எப்போதும் போலப் பாதிதான் இருந்தது. ஆளில்லாத சவரிராயன் தட்டு எப்போதும் போல நிறைந்திருந்தது.