ஏழாம் தொட்டியின் கொக்கி

கேண்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் புதிய பலகையை நிறுத்தியிருந்தார்கள். ரப்பர் பால் தொட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி.

'இரண்டு ஆலை, ஒரே பழக்கம்' என்று மேலே எழுதியிருந்தது.

புனிதா கடைசி வரிசையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஷாமினி மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று பொறுமையாகத்தான் விளக்கினாள். சுங்கை சிப்புட் ஆட்கள் தொட்டி கழுவ இறங்கும்போது, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகத் தங்கள் பெயர் வெட்டிய பித்தளை வில்லையைக் கொக்கியில் மாட்டுவார்கள். ஈப்போ ஆட்கள் வில்லையோடு இறங்கி, வெளியே வந்த பிறகு மாட்டுவார்கள்; சுவிட்ச் போடுபவர் அதை எடுத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவார். இனி எல்லாரும் இறங்கும்போதுதான் மாட்ட வேண்டும்.

இரண்டு கையுறை ஆலைகளும் ஒன்றாகி ஐந்து மாதம். சட்டையின் நிறத்துக்கு மூன்று கூட்டம் போட்டார்கள். வில்லையைப் பற்றி, கோகிலன் செத்த பிறகுதான் யாருக்கோ தோன்றியது.

புனிதாவும் அவள் புருஷன் கோகிலனும் வீட்டில்கூட அதைப் பேசியதில்லை. பதினோரு வருடம் அவன் சிப்புட்டில், அவள் ஈப்போவில். சிப்புட் ஆலையை மூடி ஆட்களை இங்கே ஈப்போவுக்குக் கொண்டுவந்தபோது, குனோங் ராபாட் வீட்டிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் போகலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய பேச்சாக இருந்தது. முதல் நாள் காலை, தொட்டிப் பிரிவின் மேற்பார்வையாளரான அவளுடைய தலைக்கவசத்தில் ஒரு தட்டு தட்டினான்.

"வீட்டுலயும் நீதான் மண்டோரு, இனிமே வேலையிலயுமா லா?"

ஷாமினி அறிக்கையை எடுத்துப் படித்தாள். விபத்தின்போது ஏழாம் தொட்டியின் கொக்கி காலியாக இருந்தது. உள்ளே இறங்கியவர் வில்லையை மாட்டவில்லை. அவருடைய கவனக்குறைவு. கலக்கும் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டவர் மீது தவறில்லை.

யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரும் சிரமப்பட்டார்கள்.

சிப்புட்டில் கோகிலனோடு தொட்டி கழுவிய பத்துமலை எழுந்தார்.

"மாட்டாம எறங்குற ஆளு இல்லம்மா அவன். பதினோரு வருசம் பாத்திருக்கேன்."

கொக்கி காலியாக இருந்ததற்குப் படம் இருக்கிறது என்றாள் ஷாமினி. பத்துமலை உட்கார்ந்தார்.

நேற்றுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மகள் கேட்டிருந்தாள், அப்பா ஏன் மறந்தார் என்று. புனிதா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இப்போது அவள் எழுந்தாள். யாரோ தண்ணீர் வேண்டுமா அக்கா என்று கேட்டார்கள். பலகைவரை நடந்து போனாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து ஏழாம் கொக்கியில் மாட்டினாள்.

பித்தளை வில்லை. கோகிலனின் பெயர் வெட்டியது. ஆடிக்கொண்டிருந்தது.

"மாட்டித்தான் இருந்தாரு," என்றாள். "வெளிய வந்துட்டாருன்னு நெனச்சு, நான்தான் இதக் கையில எடுத்துக்கிட்டு சுவிட்சப் போட்டேன்."