ஓடைமுகத்தில் ஒன்பதரை

உறைந்த ஏரியின் கரைக் குடிலுக்குள் நண்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. வியெனோவின் கணினித் திரையில் மறுபடியும் அதே விடை: மிக மெல்லிய இடத்தில் பனிக்கட்டியின் கனம் ஐந்து சென்டிமீட்டர். "அஞ்சா? உன் புருஷன் அதுமேலதான் டிராக்டர் ஓட்டிட்டிருக்கான். உன் புரோகிராமுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?" நாளைய மீன்பிடிப் போட்டியை நடத்தும் உர்போ நிலைகொள்ளாமல் நடக்கிறார். "சும்மா இருங்க. புரோகிராமிங் வகுப்புல சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது." வியெனோ அளவுகள் இருக்கும் கணினிக் கோப்பைத் திறக்கிறாள். பத்துப் பேர் துளையிட்டு அளந்து அனுப்பிய எண்கள்: 41,5, 43,5. தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், ஊர் வழக்கப்படி எல்லாரும் காற்புள்ளி வைத்திருக்கிறார்கள். நிரலோ காற்புள்ளியைக் கண்டதும் எண்ணை இரண்டாக வெட்டி, பின்னால் நின்ற ஐந்தைத் தனி அளவாகப் படித்திருக்கிறது. "அவ்வளவுதானா!" உர்போ சிரிக்கிறார். அவள் காற்புள்ளிகளைப் புள்ளிகளாக்கி மீண்டும் ஓட்டுகிறாள். ஐந்து மறைகிறது. அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த எண் மேலே வருகிறது: ஓடை வந்து ஏரியில் சேரும் ஓடைமுகம், 9.5. டிராக்டரைத் தாங்க நாற்பதாவது வேண்டும்; உர்போவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே, பனியை ஒதுக்கியபடி டிராக்டர் ஓடைமுகத்தின் பக்கம் திரும்புகிறது. வியெனோ கோட்டுகூடப் போடாமல் ஓடுகிறாள், இரண்டு கைகளையும் வீசி வீசிக் கத்துகிறாள். தூரத்தில், டிராக்டரில் இருக்கும் அவள் கணவன் என்ஸியோ அவளைப் பார்த்துவிட்டு, உற்சாகமாகப் பதிலுக்குக் கையசைக்கிறான்.