ஏழாவது கவர்

“தம்பி, நாலு முகம் உள்ள பெரியவர் எவடத்தில நிக்கிறார்?”

கண்டி வாவிச் சுவரோரம் நின்ற மோகனராஜ் திரும்பிப் பார்த்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. பென்ஷன் எடுத்த பள்ளிக்கூட மாஸ்டர் மாதிரி ஒருவர். பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு அவர் மனைவி. மாஸ்டர் கையில் அதே மஞ்சள் கவர்.

அதைக் கண்டதும் மோகனராஜுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரைச் சுற்றிக் காட்டுகிற கைட் அவன். அந்தக் கவரோ, நிலூஷா என்கிற பேராதனைப் பிள்ளை போன மாதம் தொடங்கிய விளையாட்டு. மொத்தம் ஏழு கவர். ஒவ்வொன்றிலும் ஒரு விடுகதை. விடையைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு நடந்தே போன பிறகுதான் அடுத்ததைப் பிரிக்கலாம். ஏழும் முடிந்தால் கண்டி பார்த்தாயிற்று. இடையில் கைட் எதற்கு?

அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் இதே நிலூஷா மூன்று நாள் அவன் பின்னாலேயே அலைந்து, சந்துக்குச் சந்து கதை கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள். இவனும் பல்லை இளித்துக்கொண்டு அத்தனையும் சொன்னான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பதினோரு நாளாக ஒருத்தரும் அவனைக் கூப்பிடவில்லை. பல்லேகலயில் ஒரு பெக்டரி வாசலில் செக்கியூரிட்டி வேலை இருக்கிறது, வர்றியா என்று மச்சான் கேட்டுவிட்டான்.

“எங்க, காட்டுங்க ஐயா.”

ஆறாவது கவர். ‘நாலு முகம் உள்ள பெரியவர். அவசரக்காரர் எல்லாம் அவரை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள்’ என்று எழுதியிருந்தது.

மணிக்கூட்டுக் கோபுரம். கூப்பிடு தூரம். ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

“நாலு முகம்னா பிரம்மாதானேங்க ஐயா,” என்றான் மோகனராஜ், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. “பேராதனை ரோட்டுல நேரா போங்க. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வரும். அங்க போய்க் கேட்டுப் பாருங்க.”

“பாத்தீரே, நான் அப்பவே பிரம்மா எண்டு சொன்னனான்,” என்று மாஸ்டர் மனைவியிடம் பெருமைப்பட்டார். “தூரமோ தம்பி? இவவுக்குக் கால் ஏலாது.”

“கிட்டத்தான் ஐயா.”

இருவரும் மெதுவாக நடந்தார்கள். பக்கத்தில் கச்சான் கடலை விற்கிற பஹீமுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் மச்சான், அந்த அம்மாட காலைப் பாத்துமா இப்பிடிச் செய்றே?”

“என் சோத்துல மண்ணள்ளிப் போட்டாளே, அதை நீ கேட்டியா? ஏழாவது கவரை ஒரு ஆளும் பிரிக்கக் கூடாது. இது சரிவராத விளையாட்டுன்னு ஊரே பேசணும்.”

ஐந்தாவது விடை வாவிச் சுவர் என்பதால் கவர்க்காரர்கள் எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போயாக வேண்டும். விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்தே கேட்டவர்களுக்கெல்லாம் தப்பாக வழி சொல்லிவந்தான். கேட்காதவர்களுக்கு வலியப் போய்ச் சொன்னான். மனுஷனுக்கு அப்படி ஒரு சேவை மனப்பான்மை.

மாஸ்டர் போன கொஞ்ச நேரத்தில் நிலூஷாவே அந்தப் பக்கம் வந்தாள்.

“எப்பிடி அண்ணே, ஆளுங்க வர்றாங்களா?”

அந்தச் சிரிப்பு அவனுக்கு எரிகிற இடத்தில் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி இருந்தது. குத்திக் காட்டத்தான் வந்திருக்கிறாள்.

“எங்க வர்றாங்க? எல்லாம் ஒன் கவரைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டிப் போறாங்க.”

“ஒருத்தர்கூட வரலயா?”

“வரல.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “அப்ப நான்தான் எங்கயோ பிழை விட்டுட்டேன் போல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்தான் மோகனராஜ்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து மாஸ்டரும் மனைவியும் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

“பிரம்மாவைக் காணேல்லை தம்பி,” என்றார் மாஸ்டர். “பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு வந்தம். அதுவும் நல்லதுதானே.”

பிரிக்காத ஏழாவது கவரைப் பையிலிருந்து எடுத்து மோகனராஜிடம் நீட்டினார்.

“யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஆறு முடியாமல் ஏழைப் பிரிக்கக் கூடாதாம், சட்டம் அப்பிடி. நீங்கள் இந்தக் கவரை வைச்சிருங்கோ. இவ்வளவு அக்கறையா வழி சொன்ன ஆளுக்குத் தர எங்களிட்ட வேற ஒண்டும் இல்லை.”

அவர்கள் போன பிறகு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷம் மனசு என்னவோ போல இருந்தது. அப்புறம் நிலூஷாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

“அப்பிடி என்னத்தைத்தான் பெருசா எழுதிக் கிழிச்சிருக்காள்னு பாப்போம்,” என்று பஹீமிடம் சொல்லிக்கொண்டே பிரித்தான். நிலூஷாவின் குண்டுக் கையெழுத்து.

‘ஏழாவது விடை கல்லிலும் இல்லை, சுவரிலும் இல்லை. வாவிக் கரைக்குத் திரும்பிப் போங்கள். அங்கே மோகனராஜ் என்று ஒரு கைட் அண்ணன் நிற்பார். ஆறு கவரிலும் இருப்பது அவர் எனக்குச் சொன்னதுதான். சொல்லாதது அவரிடம் இன்னும் நிறைய இருக்கிறது. கூலி பேசி, அரை நாளாவது அவரோடு நடந்து பாருங்கள். எதையும் நம்பிக் கேட்கலாம். அவர் யாருக்கும் தப்பாக வழி சொல்ல மாட்டார்.’