வழியாத டம்ளர்

நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பு ஒருநாள் போட்ட சத்தத்தில், கரண்ட் போயிருந்த பக்கத்துத் தெரு ஃபேன்களெல்லாம் சுற்றின. மாணவர்கள் விடையைப் பொத்தானில் அழுத்திச் சொல்லும் கிளிக்கர்களை வெறும் பொம்மை என்று திருப்பி அனுப்பும் முடிவோடு, தலைமையாசிரியை தாட்சாயணி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

திரையில் கேள்வியைப் போட்டேன்: நிரம்பிய டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியுமா?

ஐம்பத்தெட்டுப் பேர் ‘வழியும்’, ஒருவர் மட்டும் ‘வழியாது’. திரை எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும், யாரென்று காட்டாது.

“பக்கத்துல இருக்கிறவங்களோட சண்டை போட்டுட்டு மறுபடி அழுத்துங்க,” என்றேன்.

வகுப்பில் எப்போதும் வாயே திறக்காத கடைசி பெஞ்ச் ரோஸ்லின், தாட்சாயணி பக்கம் திரும்பினாள். “தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கிறதும் கரைஞ்சு, ஐஸ் இருந்த பள்ளத்துலயே அடங்கிரும் மேடம்.”

அந்தச் சண்டை பெஞ்சு பெஞ்சாகத் தாவியது. இரண்டாம் முறை ஐம்பத்தொன்பது பேரும் ‘வழியாது’.

“கிளிக்கர் பெட்டி இங்கயே இருக்கட்டும் சார்,” என்றார் தாட்சாயணி. “மொதல்ல நானும் வழியும்னுதான் அழுத்தினேன். இந்தப் பொண்ணு என்னை மாத்திட்டா.”