சித்தப்பா

"இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டேக்கு நீ வர வேணாம்ப்பா" என்றாள் ஷெரின், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

இன்பராஜ் பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டான். "ஏம்மா?"

"அப்பாங்களுக்கு ரேஸ் வெப்பாங்க. நீ ஓடுவ. அதான்."

"இன்னாடி பேச்சு இது? நாலாவது படிக்கற வயசுல இவ்ளோ வாயா?" என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவி விஜயகுமாரி அதட்டினாள்.

பெண்ணைச் சொல்லி என்ன குற்றம்? போன குடியரசு தினத்தன்று நடந்த ஸ்போர்ட்ஸ் டேயில், பாதி மைதானத்திலேயே மூச்சு வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆளாக நடந்தே போய்ச் சேர்ந்த மகராசன் இன்பராஜ்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் காதில் விழுந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

"யாருடி அந்தத் தொப்பை? உங்கப்பாவா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"சேச்சே, எங்கப்பா இல்ல. சித்தப்பா" என்றாள் ஷெரின்.

இன்பராஜுக்குத் தம்பியே கிடையாது.

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது? ஊர் உலகமெல்லாம் ஓடுவதற்கு ஷூ தைத்து அனுப்புகிற கம்பெனியில் வேலை. பெற்ற பெண்ணுக்கு முன்னால் ஒரு மைதானத்தைத் தாண்ட முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் காது மடல் சுட்டது.

"வருவேன்மா. இந்த வாட்டி நான்தான் ஃபர்ஸ்ட்டு, பாரு."

"எப்பப்பா பிராக்டீஸ் பண்ணுவ? ஞாயித்துக்கிழமைகூட கம்பெனிக்குப் போற."

நியாயமான கேள்வி. சூப்பர்வைசராக்கிப் புது உற்பத்தி லைனைக் கையில் கொடுத்ததிலிருந்து அவனுக்குத் தும்மக்கூட நேரமில்லை. பைக்கை வீட்டில் விட்டுவிட்டு கம்பெனிக்கு ஓடியே போய்ப் பார்த்தான். ஆம்பூரில் ஒரு மனுஷனைச் சும்மா ஓட விடுவார்களா? "இன்னா சார், வண்டி பஞ்சரா? ஏறுங்க." "யாருக்கு இன்னா ஆச்சு சார்? ஆஸ்பத்திரிக்கா?" ஆளாளுக்கு வண்டியை நிறுத்தினார்கள். மானம் போயிற்று. கடைசியில் சாப்பாட்டு நேரத்தில், குடோனுக்குள், அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தான். சோறு பாதி, ஓட்டம் பாதி.

அங்கேயும் விட்டார்களா? பசை ஒட்டுகிற சமீருல்லா ஒரு நாள் வந்து நின்றான். லைனில் இருக்கிற எல்லாருமே இன்பராஜுக்கு மாஸ்க்குக்கு மேலே தெரிகிற இரண்டு கண்கள்தான். இவனும் அப்படித்தான்.

"சார், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை லீவு வேணும் சார். தங்கச்சிக்கு நிச்சயம், நாட்றம்பள்ளில. அப்பா இல்ல சார், நான்தான் முன்ன நிக்கணும்."

"யோவ், மூச்சு வாங்குது, பேச வெக்காத. ஷிப்மெண்ட் நேரத்துல லீவாவது ஒண்ணாவது! தெனம் இதே பேஜாராப் போச்சு."

"சரி சார். எதுக்கு சார் இப்டி ஓடறீங்க?"

"என் பொண்ணு ஸ்கூல்ல ரேஸு. நான் ஜெயிச்சே ஆவணும். போ, போய் வேலையப் பாரு."

சமீருல்லா போய்விட்டான்.

குடியரசு தினம் வந்தது. கம்பெனிக்காரர்களுக்கும் அன்று லீவு என்பதால் மைதானம் நிறைய அப்பாக்கள். இன்பராஜ் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. போன வருஷம் சிரித்த முகங்கள் அதில் இருக்குமே! குனிந்த தலையோடு போய்க் கோட்டில் நின்றான். விசில் ஊதினார்கள்.

ஓடினான். என்னமாய் ஓடினான்! ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். முன்னால் ஒரே ஒரு ஒல்லி முதுகு மட்டும் பாக்கி. அதை மட்டும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 'போச்சு, ரெண்டாவதுதான்' என்று நினைத்தபோது அந்த ஆள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இன்பராஜுக்கு வியர்வை கண்ணை மறைத்ததில் தாடி மட்டும்தான் தெரிந்தது. அடுத்த நொடி அந்த ஆள் தன் காலைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்பராஜ் அவனைத் தாண்டிப் போய் எல்லைக் கயிற்றைத் தொட்டான்.

"எங்கப்பா! எங்கப்பாதான் ஃபர்ஸ்ட்டு!"

ஷெரின் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருஷத்து அவமானம் ஒரே மூச்சில் கரைந்தது. இன்பராஜ் வெட்கமில்லாமல் அழுதான்.

எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, உட்கார்ந்த ஆள் எழுந்து நொண்டிக்கொண்டே கடைசியாக வந்தான். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் அவன் கால் சரியாகிவிட்டது. நேராக நடந்து இன்பராஜிடம் வந்தான்.

"சூப்பரா ஓடுனீங்க சார்."

குரல் தெரிந்த குரல். தாடிக்கு மேலே இருந்த கண்களும் தெரிந்த கண்கள்தான்.

"நீயா?" என்றான் இன்பராஜ்.

சமீருல்லா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அந்த வெள்ளிக்கிழமை லீவு மட்டும் கொஞ்சம் பாருங்க சார்."

இது காதில் விழுந்ததா என்று இன்பராஜ் ஷெரினைப் பார்த்தான். அப்பாவின் கையைப் பிடித்தபடியே ஷெரின், இந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்த தன் தோழி இரம் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல உக்காந்துட்டாரே, அவரு உங்கப்பாவா, இரம்?"

அந்தச் சிறுமி சமீருல்லாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சேச்சே, எங்கப்பா இல்ல. சித்தப்பா."