வலப்பக்கத்துப் பந்து

“இவனும் பந்தை விட்டுட்டான் ராத்தா. பேரை வெட்டுங்க.”

“பொறு நளீர். வலப்பக்கம் நிக்கிற கூட்டாளிட வாயைப் பார். கத்துறான், இவன் திரும்பவேயில்ல.”

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஓடிப் பிடிக்கும் கல்லூரி வீரர்களைச் சத்தமில்லாத வீடியோக்களில் பார்த்து, தொழில்முறை அணிக்கு யார் தேறுவார் என்று கல்முனையிலிருந்து எழுதியனுப்புவது ஷாஹினாவின் வேலை. அவள் பேரை வெட்டவில்லை. ‘வலக்காதைப் பரிசோதியுங்கள்’ என்று எழுதினாள்.

ஏப்ரலில் அந்த வீரனிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. சந்தோஷத்தில் தம்பி நளீர் பக்கம் மாறி நின்று வாசித்தான்.

“இஞ்சால வந்து வாசிடா, ஒண்டும் கேக்கல்ல.” ஷாஹினா முக்காட்டுக்குள் தன் காதுக்கருவியைச் சரிசெய்தாள்.

நளீர் இந்தப் பக்கம் வந்து வாசித்தான்: “எனக்குக் கருவி பூட்டினார்கள். அணியும் எடுத்துக்கொண்டது. நன்றி!”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள் ஷாஹினா. அவன் மீதியை வாசித்தான்:

“என் தாய்க்கும் தெரியாததை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்கு மட்டும் சொல்வீர்களா?”