வாளிக்கு நாலடி முன்னால்

ஸ்பெயின் நாட்டின் செவில் நகரப் பேராலய வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. நாற்பத்திரண்டு டிகிரி வெயில். வண்டிக்காரன் எவாரிஸ்தோ இறங்கி, குதிரைக்கு வாளி நிறையத் தண்ணீர் வைத்தான்.

"போன வருஷம் வெள்ளைக் குதிரை வச்சிருந்தீங்களே?" என்று கேட்டாள், ஊர் சுற்றிப் பார்க்க வந்த அம்மாள்.

"லுசேராவா? வயசாயிருச்சும்மா, போய்ச் சேந்துருச்சு."

பொய். இதே மாதிரி ஒரு வெயில் நாளில், தண்ணீர்கூடக் காட்டாமல் அதை இன்னொரு சுற்று ஓட்டினான். வாளிக்கு நாலடி முன்னால் விழுந்து செத்தது.

புதுக் குதிரை வாளியைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"யாருக்கோ வழி விடுது பாரு. உன்னைவிட மரியாதை தெரிஞ்ச குதிரைடா!" என்று சிரித்தான் பக்கத்து வண்டிக்காரன்.

எவாரிஸ்தோ கூனிக் குறுகி, புதுக் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால், வாளியில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.